சோதித்துப் பார்க்காத காலை

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லையை
ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.
வலது கால் பின்னால் வந்தது,
மழையில் நனைந்த மூட்டையை
யாரோ இழுத்து வருவது போல.

கோத்தன்பர்க்கில் பத்தொன்பது வருடம் டிராம் ஓட்டியவள் நான்.
பதினொன்றாம் எண். கடைசி நிறுத்தம் கடல்.
ஓட்டுநர் காலடியில் ஒரு மிதி உண்டு,
அழுத்தம் விட்டால் வண்டி தானே நின்றுவிடும்.
செத்தவன் மிதி என்போம் எங்களுக்குள்.
ஒரு பிப்ரவரியில், பாதி ஏற்றத்தில்
வண்டி நின்றது.
நான் காலை எடுக்கவில்லை.
அது போயிருந்தது.
பின்னால் எண்பது பேர், ஈரக் கோட்டு வாடை,
யாரோ ஒருவர் இருமினார்,
கடிகாரம் பார்ப்பவரின் இருமல்.

நரம்பு மருத்துவர் படுக்க வைத்தார்.
வலது குதிகாலைக் கீழே அழுத்துங்கள் என்றார்.
முடியவில்லை.
சரி, இடது காலைத் தூக்குங்கள் என்றார்,
வலது குதிகாலின் அடியில் தன் உள்ளங்கையை வைத்தபடி.
"இதோ, அழுத்துகிறதே!
கேட்டால் தர மறுக்கிறது,
கேட்காதபோது தருகிறது.
கம்பி அறுந்துபோகவில்லை,
செய்திதான் தடம் மாறிப் போகிறது."
பிறகு சீட்டில் எழுதினார்:
உளவியல் சிகிச்சை, வாரம் ஒரு முறை.

அப்போ நடிக்கிறேன் என்கிறீர்களா?
இல்லை என்றார்.
அந்த இல்லையை நம்ப
எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

துவா எக்டாலின் அறையில் சாய்வுக் கட்டில் இல்லை.
இரண்டு நாற்காலி,
ஜன்னலில் பிழைப்பதா வேண்டாமா என்றிருக்கும் ஒரு கள்ளி.
பதில்களோடுதான் போயிருந்தேன்:
அப்பாவின் குடி, கடனுக்குப் போன படகு.
அவள் கேட்டது,
"விழித்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?"

போர்வைக்குள் கால்விரலை அசைத்துப் பார்ப்பேன்.
இருக்கிறதா, இருக்கிறதா என்று.
எத்தனை தடவை?
தாள் கொடுத்தாள், கோடு போட்டேன்.
பகல் பதினொரு மணிக்குள் நாற்பத்தொன்று.

"எழுதுகிறவன் தோளுக்குப் பின்னால்
நாளெல்லாம் ஒருவர் நின்று பார்த்தால்
கையெழுத்து என்னாகும்?" என்றாள்.
எனக்குக் கோபம் வந்தது.
அது என் கால், நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

தாழ்வாரத்தில் நடக்கவிட்டாள்,
நிறுத்தங்களைக் கடலிலிருந்து ஊருக்குள்
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.
சால்ட்ஹோல்மென்.
லோங்கெட்ராக்.
ஹின்ஸ்ஹோல்மென்.
ஹாகென் வந்தபோதுதான் கவனித்தேன்,
நடந்துகொண்டிருக்கிறேன்.
கவனித்ததும் மடிந்தது.
தரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் அழுதும் இருக்கலாம்.

என் கணவர் ஸ்டெல்லானையும் வரச்சொன்னாள்.
காப்பி, துணி, செருப்பு வார்,
எல்லாம் அவர் கையில் போயிருந்தது.
"சிந்தினால் சிந்தட்டும், விடுங்கள்."
அன்று மாலை தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
அவர் உட்கார்ந்திருந்தார்.
நான் கோப்பையோடு வந்தேன்.
பாதி கம்பளத்தில்.
வெகுநேரம் யாரும் துடைக்கவில்லை.

இருமல் பற்றிப் பிறகுதான் சொன்னேன்,
பதினான்கு மாதமாக டிராம் ஏறாததையும்.
ஒரே ஒரு நிறுத்தம், துவாவும் நானும்.
கால் உதறியது.
கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் என்றாள்.
நீல இருக்கை. மஞ்சள் கம்பி.
ஒரு பையனின் பையில் ஹாக்கி மட்டை.
உதறியபடியே இறங்கினோம்,
ஆனால் இறங்கினோம்.

டிசம்பரில் காய்ச்சல் வந்தது,
ஒன்பது நாள் கால் மறுபடி மூட்டையானது.
பழைய தடம் அதற்குத் தெரியும்.
புதியதும் இப்போது தெரியும் என்றாள் துவா.
வண்டி ஓட்டத் திரும்பவில்லை நான்,
பணிமனையில் ஆள் முறை அட்டவணை போடுகிறேன்.
அதைத் தோல்வி என்று சொல்லும் நாளும் உண்டு.

இன்று கெட்டில் கொதித்த பிறகுதான் உறைத்தது,
போர்வைக்குள் எதையும் அசைத்துப் பார்க்காமல்
எழுந்து வந்திருக்கிறேன்.
சட்டென்று கீழே பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
முழங்கால் லேசாக மடங்கியது.
இருக்கட்டும்.
பாலுக்கு ஃப்ரிட்ஜ் நான்கு எட்டு.
சால்ட்ஹோல்மென்.
லோங்கெட்ராக்.